என் குரல்தான்

12.8.2003, செவ்வாய்

சில வருஷம் முன்பு காசிமேட்டில் எடுத்த சினிமாவில் எனக்கு ஒரே ஒரு வசனம். ஸ்டுடியோவுக்குப் போய்ப் பேசியதும் நான்தான். இப்போது அந்தப் படம் சிடியில் வந்திருக்கிறது. இன்று டீக்கடை டிவியில் போட்டோம். என் குரல் மெலிந்துபோய் அவசரமாக வந்தது.

"இது உன் கொரலே இல்ல மாமு. எவனோ பேசிகீறான். இத்தினி வருசமா நம்மகிட்ட டூப்பு வுட்டுகினு இருந்தியா?" என்றான் கூட ஐஸ் உடைக்கிற மணி. இத்தனை நாள் நான் கலாய்த்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நேரே மச்சான் செல்வத்தின் வீட்டுக்குப் போய், அவன் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டேன்.

"தியேட்டர்ல செகண்டுக்கு இருபத்திநாலு ஃபிரேம் ஓடும், நம்ம டிவில இருபத்தஞ்சு. வேகமா ஓடுறதால கொரலு மெலிஞ்சிப் பூட்ச்சி மாமா" என்றான். வேகத்தைக் குறைத்து வேறு சிடியில் ஏற்றிக் கொடுத்தான்.

என் பொண்டாட்டி கேட்டுவிட்டு, "ஐய, வூட்ல சோறு கேக்குற அதே கரகரப்பு" என்றாள்.

நாளைக்கு மணி வந்து உட்கார்ந்த பிறகுதான் சிடியைப் போடுவேன். பக்கத்தில் நின்று அந்த வசனத்தை நானும் சேர்ந்து பேசுவேன். அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறான் என்று பார்க்கிறேன். இப்போதே பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூங்கச் சொல்லித் திட்டுகிறாள். திட்டட்டும். இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக.