இஸ்திரி போட்ட கிடார்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நம்பமாட்டாய், சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பாய். சாப்பிட்டேன். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. என் எலெக்ட்ரிக் கிடார் பெயின்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்ததே, லீவு நாளில் அதைப் புதுசாக்க உட்கார்ந்தேன். சூடு காட்டினால் பழைய பெயின்ட் இளகும் என்றார்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தேன். இளகியது உண்மைதான், கூடவே அறை முழுக்கப் புகை. அபாய மணி அலறி, கட்டடமே தெருவுக்கு இறங்கிவிட்டது. நான் கிடாரைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். "எல்லாரும் பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க, நீ எதைய்யா தூக்கிட்டு வர்ற?" என்று வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். விரலில் லேசாகச் சுட்டது, ஆறிவிட்டது.

மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். அறையில் கூட இருக்கும் பெயின்டர் உதவினார். கீழ் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இந்தப் பள்ளத்தைப் பட்டி வச்சு அடைச்சிடலாமா?" என்றார்.

"வேணாண்ணே, அது எம்பொண்ணு பல்லு முளைக்கிறப்போ கடிச்சது."

அவர் பட்டி டப்பாவை மூடிவிட்டார்.

சிவப்பு அடித்தாயிற்று, காய்ந்தும்விட்டது. இனி மெத்தென்ற துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும். கடைத் துணி கீறல் போடுகிறது. அங்கே லீவில் வந்திருக்கும் எங்கள் கம்பெனி டிரைவர் திரும்பும்போது, நீ வீட்டில் கட்டும் அந்த நீலக் காட்டன் புடவையைக் கொடுத்துவிடு.

கீழே வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். புடவையைத் துவைத்துக் கொடுக்காதே.

பாப்பா அப்பா