பதினொரு ஆட்சேபங்கள்

அன்புள்ள செல்விக்கு,

நலம். நீ கொமரலிங்கத்தில் உன் அம்மா வீட்டிற்குப் போய் ஏழு மாதங்கள் ஆகின்றன என்பதைக் குறையாக எழுதவில்லை. இப்போதெல்லாம் அலுவலகத்தில் கடைசி விளக்கை அணைப்பவன் நான்தான்; வீட்டிற்கு விரைய வேண்டிய காரணம் ஏதுமில்லை.

காதர்பேட்டையில் பனியன் லேபிள் அச்சடிக்கும் சிறு பட்டறை ஒன்று விலைக்கு வந்துள்ளது. பத்தொன்பது ஆண்டுச் சட்ட அலுவலர் வேலையை விட்டு அதை வாங்கலாமா என எண்ணுகிறேன். முன்பு நீ இதே யோசனையைச் சொன்னபோது, பதினொரு ஆட்சேபங்களைத் தட்டச்சு செய்து உன்னிடம் நீட்டினேன். அவற்றில் ஒன்பது இன்றும் பொருந்தும்.

பத்திரத்தில் குறையில்லை. ராஜினாமாக் கடிதம் தேதியிடப்படாமல் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால், பட்டறைக்காரரின் மனைவி மருதாள் சாவியைத் தரவில்லை.

"ஏனுங்க, ஒத்தையா வந்தா எப்படிங்க? புருசனும் பொஞ்சாதியுமா வந்து வாங்குனாத்தானுங்க தொழில் நிக்கும். ஊட்டுக்காரம்மா எங்கீங்க?"

"வெள்ளிக்கிழமை வருவாங்க" என்றேன். ஆதாரமின்றி நான் சொன்ன முதல் வாக்குமூலம் அது.

நீ வராவிட்டால் பட்டறை வேண்டாம், வேலையிலேயே தொடர்வேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். அந்த ஆட்சேபத் தாள் உன்னிடம் இருந்தால் எடுத்து வா. பதினொன்றையும் கோடிட்டு அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்