காவிரி பார்க்காத பிள்ளை

இன்று காலை தகரக் கூரைமேல் ரப்பர்க் காய் ஒன்று வெடித்து விழுந்தது. துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துக் கையிலிருந்த தேத்தண்ணிக் குவளையைப் போட்டுவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. எத்தனை வருடமாகக் கேட்கும் சத்தம்! நீ இருந்திருந்தால், "மரம் புள்ளையத் தூக்கி எறியுது, நீ ஏன் குதிக்கிற?" என்று கேட்டிருப்பாய்.

நீ அப்படித்தான் பேசுவாய். சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே இருக்கும் இந்த ரப்பர்த் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டினோம். தினமும் இருட்டோடு பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு நம்மைக் காட்டுக்குள் அனுப்புவார்கள். "பாரு புள்ள, பனிக்கும் பெரட்டு இருக்குது. வெயிலு வந்து பேர் கூப்பிட்டதும் ஒவ்வொண்ணா கலையுது" என்பாய். நான் சிரிப்பேன். நாலு எழுத்து படித்தவள் அல்லவா நான்! பாட்டு என்றால் தாமரையும் குயிலுமாக அச்சடித்த புத்தகத்தில் இருப்பது என்று நினைத்தவள். "வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு, கங்காணி வர்றாரு" என்று அடக்கிவிடுவேன்.

பிறகு உன் மகள் போனாள். நாலு வயது. மூன்று நாள் குளிர்காய்ச்சல், அவ்வளவுதான்.

லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் உன் வீட்டு முன் அஞ்சடித் தாழ்வாரத்தில் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கைபோட்டு ஒப்பாரி வைத்தோம். ஊரிலிருந்து நம்மோடு கப்பலில் வந்த ஒப்பாரி. காவிரிக் கரையையும் பனைமரத்து நிழலையும் சொல்லி நான்தான் முன்பாட்டு எடுத்தேன். நடுவில் நீ எழுந்தாய். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நிறுத்துங்க. எம்புள்ள காவேரியப் பார்த்தாளா? பனமரத்தப் பார்த்தாளா? யாரு புள்ளைக்கு அழுவுறீங்க?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஒப்பாரியை நிறுத்தச் சொன்ன தாயை நான் கேள்விப்பட்டதே இல்லை. பாடி அனுப்பாவிட்டால் போன உயிருக்கு வழி கிடைக்காது என்று நம்பியவர்கள் நாங்கள். ஆத்திரத்தில், "பெத்தவதானா நீ?" என்று கேட்டுவிட்டேன். மறுநாளே கத்தியும் வாளியுமாக வேலைக்குப் போனாய். லயம் முழுக்க உன்னை நெஞ்சழுத்தக்காரி என்றது. முதலில் சொன்னவள் நான்தான்.

நாலாம் நாள் விடிவதற்குள் நல்ல மழை. மரம் நனைந்தால் பால் தண்ணீரோடு ஓடிவிடும்; அன்று வேலை கிடையாது, கூலியும் கிடையாது. நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து உன் குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். கூரைத் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றாய்.

"மழையே வா வான்னு
மடியில ஒக்காந்து கூப்பிட்டவளே,
மழ வந்தா வேலையில்ல
அம்மா வீட்ல இருப்பான்னு சொன்னவளே,
மழ வந்துருச்சு கண்ணு,
அம்மா வீட்லதான் இருக்கேன்,
நீ எங்கடி போன?"

தாமரை இல்லை, குயில் இல்லை. நாம் தினமும் திட்டித் தீர்த்த மழை. அதற்குள் இப்படி ஒன்று இருந்ததா? உன் மகள் வாசலில் நின்று மழையைக் கூப்பிட்டதை நானும் கேட்டிருக்கிறேன். "சனியனே, வாயக் கழுவு! பொழப்பக் கெடுக்கவா கூப்பிடுற?" என்று அதட்டியும் இருக்கிறேன். அது எதற்குக் கூப்பிட்டது என்று அன்றுதான் தெரிந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். பின்பாட்டு எடுக்க யாருக்கும் தெரியவில்லை. நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பிறகு பத்து வருடம் சேர்ந்து வேலை செய்தும் கேட்கவில்லை.

போன மாதம் நீயும் போய்விட்டாய். முன்பாட்டுக்கு எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். காவிரி நாக்கு நுனிவரை வந்தது; விழுங்கிவிட்டேன். உன் வரிகளை எடுக்கலாமென்றால் அவை உன் மகளுக்கு உரியவை. உனக்கென்று பாட நான் எதைப் பார்த்து வைத்தேன்? இத்தனை வருடம் பக்கத்து நிரையில் நின்றவளை நிமிர்ந்தே பார்க்கவில்லையே என்று பதறிப்போனேன். பாடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் வேலையில்லாத மழைநாளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அஞ்சடியில் வந்து நிற்கிறேன். லயத்துப் பிள்ளைகள் மழையைக் கூப்பிட்டால் மற்றவர்கள் அதட்டுகிறார்கள். நான் கிட்டப் போய், "இன்னும் சத்தமா கூப்பிடு கண்ணு" என்கிறேன்.