எந்த ஊரு உண்ணி, சார்?

காலையில நாயி காதுக்குள்ள ஒரு உண்ணி. ரத்தம் குடிச்சு மொச்சைக்கொட்டை கணக்கா உருண்டு கெடந்துச்சு. பிடுங்கி நகத்துல வச்சு நசுக்கப் போனவன் அப்பிடியே நின்னுட்டேன் சார். நீங்க இருந்தா, "யோவ், நசுக்காதய்யா, பாட்டில்ல போடு"ன்னு ஒரு சத்தம் போட்டிருப்பீக. மண்ணெண்ணெயில போட்டுட்டு உங்ககூடப் பேச உக்காந்துட்டேன். செத்தவுககூடப் பேசுனா வீட்டுல உள்ளவுக ஒரு மாதிரியாத்தான் பாக்குறாக. பாத்துட்டுப் போகட்டும்.

எம்பதுகள்ல நான் சின்னமனூர்ல ஜீப்பு ஓட்டிக்கிட்டிருந்தேன். மேகமலை ரோட்டுக்கு வேற எவனும் வரமாட்டான். அதனால, மெட்ராஸ்ல இருந்து சுகாதார ஆபீசுக்கு மாத்தலாகி வந்த உங்களுக்கு ஆறாப்பு பெயிலான நான் வாய்ச்சேன். மொத நாளு தேயிலைத் தோட்டத்துக்கு மேல புல்லுக்காட்டுல எறங்கி, வெள்ளைத் துணிய ஒரு கம்புல கட்டித் தரையோட இழுத்துக்கிட்டு நடந்தீக.

"என்ன சார், மழை பேஞ்சுச்சுன்னு புல்லுக்குத் தலை துவட்டி விடுறீகளா?"

"உண்ணி புடிக்கிறேன்யா. மாடு வருதுன்னு நெனச்சுத் துணியில ஏறிக்கும்."

"அதுக்குக் கவர்மெண்டு சம்பளமா? எங்க ஊரு எருமை ஓசியில புடிக்குதே."

கோவிச்சுக்குவீகன்னு பாத்தேன். சிரிச்சீக. அன்னையிலருந்து உங்களை விடல நான்.

ஜெயமங்கலத்து மாட்டுல எடுத்தது ஒரு பாட்டில், ஓடைப்பட்டி ஆட்டுல எடுத்தது ஒரு பாட்டில், மேகமலைக்கு ஒரு பாட்டில். ஊர்ப்பேரு ஒட்டாம வண்டிய எடுக்க விடமாட்டீக. எல்லாம் உண்ணிதான சார், எதுக்குத் தனிக்குடித்தனம் வைக்கிறீகன்னு கேட்டேன்.

"உண்ணி பாக்க ஒண்ணு போலத்தான்யா இருக்கும். வயித்துக்குள்ள இருக்கற கிருமி ஊருக்கு ஊரு வேற. வெளிநாட்டுல இப்பத்தான் ஒண்ணு கண்டுபுடிச்சிருக்காங்க. ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கெடக்குமாம். ஒரு தேசத்துல முட்டியப் புடிக்குது, இன்னொரு தேசத்துல நரம்பப் புடிக்குது. ஒரே வம்சம்தான், ஆனா ஒண்ணு போல ஒண்ணு இல்ல."

"எங்க பங்காளிக மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான்யா."

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள்ல இருந்து கொழுந்து பறிக்கப் போற பொம்பளைக சில பேரு முட்டி வீங்கி, சுவத்தப் புடிச்சு நடந்தாக. குளிருக்கு வந்த வாதம்னு எஸ்டேட் ஆசுபத்திரியில தைலம் குடுத்து அனுப்புனாக. நீங்க மட்டும் நம்பல. அந்தக் கிருமி இங்கனயும் இருக்கா, இருந்தா எந்த ஊருல, எந்த மாதிரி. அது தெரிஞ்சாத்தான் இவங்களுக்கு மருந்து கேக்க முடியும்னு ஒத்தைக்கால்ல நின்னீக.

அந்தச் சமயத்துலதான் உங்க தொடையிலயும் செவப்பா ஒரு வட்டம். "காளைக்குச் சூடு போட்ட மாதிரி இருக்கே, எந்தச் சந்தைக்கு ஓட்டப் போறாக?"ன்னு கேட்டேன். மூணு ஊரும் சுத்திட்டு வந்திருந்தீக. எங்கன கடிச்சுச்சுன்னு தெரியல. "பாட்டில் சொல்லும்யா"ன்னு மூணு பாட்டிலயும் மேலாபீசுக்கு அனுப்பி வச்சீக. வட்டம் மறைஞ்சுச்சு. அப்பறம் முட்டி வீங்குச்சு.

மேலாபீசுக்குப் போன் பேசிட்டு வந்தவுக, ஜீப்பு படியில உக்காந்துட்டீக.

"கலந்துட்டாங்கய்யா."

"எதை சார்?"

"பாட்டில் பத்தலையாம். எல்லாம் ஒரே மதுரை ஜில்லாதானேன்னு பெரிய ஜாடியில மொத்தமா ஊத்திட்டாங்க. சுருள் சுருளா ஏதோ தெரியுதாம். எந்த ஊரு உண்ணியில இருந்து வந்துச்சுன்னு இனி எவனாலயும் சொல்ல முடியாது."

எனக்குக் கேலி வராமப் போனது அன்னைக்குத்தான் சார்.

மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சீக. முட்டி மடங்கல. நீங்க ஜீப்புல உக்கார, நான் துணி இழுத்தேன். "மெதுவாய்யா, உன் பொண்டாட்டி சேலையா அது?"ன்னு என்னையே கேலி பேசுனீக. ஜெயமங்கலம் முடிஞ்சுச்சு. ஓடைப்பட்டி முடிஞ்சுச்சு. மலைக்குக் கெளம்புறப்ப மழையில ரோடு அத்துக்கிட்டுப் போச்சு. ரோட்டுக்குக் காத்துக் கெடந்த நாள்ல உங்க நெஞ்சு விட்டு விட்டு அடிக்க ஆரம்பிச்சுச்சு.

ஆசுபத்திரியில சேத்து, உண்ணிக் கடின்னு சொன்னேன். டவுன் டாக்டரு சிரிச்சாரு. "உண்ணி கடிச்சு எவன்யா செத்தான்? மாடே சாகல." நீங்க படுத்த வாக்குலயே, "சிரிக்கட்டும்யா, மேகமலை பாட்டில மறந்துராத"ன்னீக. விடிஞ்சு நான் காப்பி வாங்கிட்டு வாரேன், கட்டில்ல மொகத்தோட சேத்துப் போத்தி விட்டிருந்தாக.

ரோடு சரியானதும் மலையேறி, ஒத்தையாளாத் துணி இழுத்து, பாட்டில நெரப்பிக் கொண்டாந்து உங்க எடத்துக்கு வந்தவருகிட்டக் குடுத்தேன். "இந்த வேலையெல்லாம் நிறுத்தியாச்சு, கொண்டு போப்பா"ன்னுட்டாரு. லயத்துப் பொம்பளைக தைலத்தத் தேச்சுக்கிட்டே கெடந்தாக. அவுகளுக்கு வந்தது அதானா, உங்களுக்கு வந்ததும் அதானா, ஒண்ணுந் தெரியாமலே போச்சு.

இப்பவும் யாருக்குக் காய்ச்சல்னாலும், எந்தக் காட்டுக்குப் போனேன்னு கேட்டுட்டுத்தான் நெத்தியத் தொடுறேன். "தாத்தா போலீசு மாதிரி விசாரிக்கிறாரு"ங்குறா பேத்தி. விசாரிச்சு என்ன செய்ய? உங்களைக் கொண்டுபோன உண்ணியத் திட்டுறதுக்கு ஜீப்பு டிரைவர் வார்த்தை எங்கிட்ட நெறைய மிச்சமிருக்கு சார். எந்த ஊரப் பாத்துத் திரும்பி நின்னு திட்டன்னுதான் தெரியல.