நாலு தகடு, ஒரு பல்பு

12.8.1991
இன்றும் ஒரு மூட்டை மேஜை விளக்கு பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கிறது. பல்பு சூட்டில் பசை இளகி மூடி கழன்று விழுகிறதாம். விழாமல் என்ன செய்யும்? பசை வேண்டாம் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டது யார் காதில் ஏறியது?

முதலாளி ரகுபதி சார் கூப்பிட்டார். "தீபாவளிக்குள்ள ஒழுங்கா ஒண்ணு வரலேன்னா விளக்கு செக்‌ஷனை இழுத்து மூடிடுவேன். பெரிசா பேசினியே ஜாஸ்மின், நீயே வரைஞ்சு குடு." அந்த செக்‌ஷனில் லீலா அக்காவோடு நான்கு பெண்கள். ஐந்தாவது நான். ஒரகடம் பக்கம் டிராயிங் போடுகிற பெண்ணுக்கு வேறு எங்கே வேலை?

13.8.91
பசை, திருகு, ரிவெட் எதுவும் கூடாது. தட்டையாகக் கட்டி பஸ்ஸில் எடுத்துப்போக வேண்டும். கூலிக்காரர் வீட்டிலும் பிள்ளை படிக்க வாங்குகிற விலை. ஆசைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை எனக்கு.

3.9.91
மூடிக்கு நாலு தகடு. ஒவ்வொன்றிலும் ஒரு நாக்கு, அது நுழைய அடுத்ததில் ஒரு ஸ்லாட். செருகி ஒரு தட்டு தட்டினால் பூட்டிக்கொள்ளும். தாளில் பிரமாதம்!

பிரஸ் ஓட்டுகிற டில்லிபாபு அண்ணன் வெட்டிக் கொடுத்தார். மேஜையில் நிறுத்தினால் கிடுகிடுவென்று ஆடுகிறது. "இன்னாம்மா, வெளக்கு டான்ஸ் ஆடுது!" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். எரிச்சல் எரிச்சலாய் வந்தது. மத்தியானச் சோற்றை அப்படியே திருப்பி எடுத்து வந்தேன்.

4.9.91
ஆடுகிறது.

27.9.91
நின்றுவிட்டது! ஸ்லாட்டைத் தகட்டின் கனத்துக்குக் குறுக்கி, ஒரு மயிரிழை மட்டும் கூட விட்டேன். லீலா அக்கா கண்ணை மூடிக்கொண்டே பூட்டினார். "இத்த கட்டுறதுக்கு நாங்க எதுக்குடி?" என்றார். அடிப்பாகத்துக்கும் பல்பு ஒயருக்கும் ஆள் வேண்டாமா, போங்கக்கா என்றேன். பன்னிரண்டு செட் தயார். சார் சிரிக்கவில்லை. ஆனால் மொத்த வியாபாரியை அக்டோபர் 21 வரச் சொல்லிவிட்டார்.

19.10.91
ஐயோ ஐயோ. ஆயுத பூஜை லீவில் அம்மாவைப் பார்க்கப் போனது என் தப்பு. பூஜைக்காக மிஷின், பெஞ்ச், கதவு எல்லாவற்றுக்கும் பச்சை எனாமல் அடித்த டில்லிபாபு அண்ணன், மிச்சத்தை என் பன்னிரண்டு செட்டுக்கும் அடித்துவைத்திருக்கிறார். இரண்டு கோட்! மேலே சந்தனம், குங்குமம்.

"மொட்டையா கெடந்துச்சும்மா. சாமி முன்னால வெக்கச் சொல்லோ லட்சணமா இருக்க வாணாம்?"

ஒரு நாக்குகூட நுழையவில்லை. நாளை ஞாயிறு, மறுநாள் வியாபாரி. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அப்பா வயசு மனிதரை.

வீட்டுக்கு வந்து யோசித்தால் — பெயிண்ட் அடிக்காத விளக்கை யார் வாங்குவார்கள்? வெறும் தகட்டுக்கு அளவு போட்டது யார்? நான்தான். இவர் அடிக்காமல் இருந்திருந்தால் ஆர்டர் எடுத்துவிட்டு, ஆயிரம் தகட்டை வெட்டி, அப்புறம் விழித்திருப்போம். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

20.10.91
சர்ச்சுக்குப் போகவில்லை, கர்த்தர் மன்னிக்கட்டும். பட்டறைக்குப் போனால் டில்லிபாபு அண்ணன் எனக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்லாட்டை அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார். மன்னிச்சிடுங்கண்ணே என்றேன்.

"அட போம்மா. இந்தா, அரத்த புடி."

ஆறு செட் தேறியது. பெயிண்ட் கடித்துக்கொள்வதால் முன்னைவிட இறுக்கம்.

21.10.91
வியாபாரி முந்நூறு செட் எடுத்துக்கொள்கிறார்! செக்‌ஷனை மூடவில்லை. லீலா அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, அழுதுவிட்டார். நானும்தான்.

24.11.91
படப்பையிலிருந்து பஸ். பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் நம் பாக்கெட்! வீடு போகப் பொறுக்காமல் பஸ்ஸிலேயே பிரித்துவிட்டார். மூன்றாவது தகட்டைத் தலைகீழாகச் செருகினார். எனக்கு உயிரே போய்விட்டது. சொல்லிவிடலாமா? வேண்டாம். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அவரே பார்த்தார், உருவினார், திருப்பிச் செருகினார், ஒரு தட்டு. நின்றது.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"இன்னா அப்டி பாக்குற? நீயும் ஒண்ணு வாங்கு. பசை கிசை ஒண்ணும் வாணாம், ரொம்ப சுளுவு."

"எங்கக்கா கிடைக்குது?" என்று கேட்டேன்.

கடைக்கு வழி சொன்னார். எந்த ஸ்டாப்பிங்கில் இறங்க வேண்டும் என்றுகூடச் சொன்னார்.