கம்பளி நூல் மாலை

மச்சானுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடிருந்தவரை கோபத்தில் பேசவில்லை. நீ போன பிறகு, செத்தவனிடம் என்ன சண்டை என்று பேசவில்லை. இப்போது உன் ஊரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கிறது.

உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று உனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துவிட்டாய், அதுதான் முதல் கோபம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். உன் தங்கையை எனக்குக் கட்டிவைக்கலாம் என்று வீட்டில் முதலில் பேச்செடுத்தவனே நீதான். அப்படிப்பட்டவன், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மேல்படிப்பு என்று ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறினாய். அக்கினிக்கு முன்னால் தங்கை கையில் பொரி அள்ளிப்போட அண்ணன் இல்லை. யாரோ ஒன்றுவிட்ட தம்பி வந்து பாதியைத் தரையில் சிந்தினான். அவள் கண் கலங்கியது புகையால் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். எது புகை, எது அழுகை என்று எனக்குத் தெரியாதா?

அப்புறம் யுத்தம். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உடம்பு கெட்டு உன் அப்பா போனார். கொள்ளி வைக்க மகன் இல்லை. மருமகன் வைக்கலாமா என்று முணுமுணுத்த பங்காளிகள் தாங்கள் வைக்க முன்வரவில்லை. நான்தான் மொட்டையடித்து, மீசையை எடுத்து, சட்டி தூக்கினேன். தபால் திரும்ப ஓடத் தொடங்கியதும் உனக்கு எழுதினேன். பதில் இல்லை. சில வருஷம் கழித்து உன் அம்மாவும் போனார். தந்தி கொடுத்தேன். மறுபடியும் மொட்டை, மறுபடியும் சட்டி. இரண்டு மாதம் கழித்து உன் கடுதாசி வந்தது. ‘இந்த வருஷம் இங்கே பனி அதிகம்’ என்று ஒரு வரி. வேறொன்றுமில்லை.

பெற்றவள் செத்ததற்கு ஒரு மகன் எழுதிய பதில் அது. உன் தங்கை அதை மடித்துப் புடவைக்கடியில் வைத்துக்கொண்டாள். நான் அன்றோடு உன்னைத் தலைமுழுகினேன்.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு மலாக்கா பாடாங் திடலில் கட்டிய தோரணங்கள் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்த நாளில் நீ இறந்த தந்தி வந்தது. அது யார் பெயருக்கு வந்தது தெரியுமா? உன் அப்பா பெயருக்கு! நம் காஜா பெராங் பகுதித் தபால்காரர் வாசலில் நின்று, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். மாமனார் இல்லை என்பதுகூட நீ கட்டிக்கொண்ட அந்த வெள்ளைக்காரி மார்கரெட்டுக்குத் தெரியாதா, இவள் என்ன பெண்சாதி என்று நான் கத்தினேன். உன் தங்கை கையெழுத்துப் போட்டுத் தந்தியை வாங்கிக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றைத்தான் கேட்டாள்.

“அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. யார் செய்வா?”

யாராவது செய்யட்டும், நான் மாட்டேன் என்றேன். உன் வீட்டுக்காக இரண்டு முறை தலையைக் கொடுத்தாயிற்று, மூன்றாவது முறை கிடையாது. இதை அவளிடம் மட்டும் சொல்லவில்லை. கோயில் வாசலில் சொன்னேன், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், முடிவெட்டும் கடையில் சொன்னேன். ஊருக்கே தெரியும்.

அவள் கேட்டது இதுதான்: முதல் வருஷத் திதிக்குள் உன் சாம்பலைக் கொண்டுவந்து, அப்பா அம்மாவைக் கரைத்த உஜோங் பாசிர் கடலில் கரைக்க வேண்டும். சரி, கூட வருகிறேன், பெட்டி தூக்குகிறேன், சடங்கு மட்டும் செய்ய மாட்டேன் என்றேன். சேர்ந்து கிடந்த லீவையெல்லாம் எடுத்தேன். வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் கிளம்பிய பிறகு அந்த நாற்காலியை எனக்குக் கொடுக்காமல், என் குறிப்புகளைப் பார்த்துப் பாஸான ஒருவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவன்தான் லீவில் கையெழுத்துப் போட்டான். புது நாட்டின் புது பாஸ்போர்ட்டோடு இரண்டு பேரும் கப்பல் ஏறினோம். சாம்பலை மார்கரெட் தருவாளா என்பதுகூடத் தெரியாது. சாம்பலைக் கேட்டு நான் எழுதிய ஒற்றை வரிக்கு, வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

குளிர் என்றால் கேமரன் மலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டு போன முட்டாள் நான். நம் சீனத் தையல்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஓவர்கோட்டு தைத்தார். காற்றோட்டம் வேண்டும் என்று அக்குளில் இரண்டு ஓட்டை விட்டுத் தைத்துக் கொடுத்தார். அந்த ஓட்டை வழியாக உன் ஸ்காட்லாந்து முழுவதும் எனக்குள் புகுந்தது. உன் தங்கை புடவைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் போர்வை, செருப்புக்குள் என் காலுறை. ரயில்நிலையத்தில் சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. மத்தியானம் முடியவில்லை, இருட்டிவிட்டது.

“இந்த ஐஸ் பெட்டிக்குள்ளயா அண்ணன் இருந்தாரு?” என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். இருபது வருஷம் இதற்குள் எப்படி இருந்தாய்? எதற்காக இருந்தாய்?

கப்பலில் வந்த நாளெல்லாம் மார்கரெட்டுக்காக இங்கிலீஷ் வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். இலக்கணம் பிசகாத, கூர்மையான வாக்கியங்கள். அவள் கதவைத் திறந்தாள். நரைத்த, உயரமான பெண். கை இரண்டும் குளிரில் வெடித்திருந்தன. அந்தக் கைகளைக் கூப்பி “வணக்கம்” என்றாள். அது நீ சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். காஜா பெராங் உச்சரிப்பு அப்படியே இருந்தது.

முன்னறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் உன் அப்பா படம், அம்மா படம். இரண்டுக்கும் வெள்ளைக் கம்பளி நூலில் பூப்பூவாக முடிந்து கட்டிய மாலை. கண்ணாடிமேல் சிவப்பு மைப் பொட்டு. அதுவரை சரி.

அடுத்தாற்போல் எங்கள் கல்யாணப் படம். அதற்கும் மாலை. என் நெற்றியில் ஒரு பொட்டு, உன் தங்கை நெற்றியில் ஒரு பொட்டு. முன்னால் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மச்சான், தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதை உயிரோடு நின்று பார்த்தவன் வேறு எவன் இருப்பான்? நான் உன்னைத் தலைமுழுகினேன் என்றால், நீ என்னைக் கொன்றே வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். உன் தங்கையின் கை கோட்டுக்குள் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது.

“ஏங்க, நாம செத்தா போயிட்டோம்?” என்றாள், மெதுவாக.

இதை யார் செய்தது என்று மார்கரெட்டைக் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் முகம் மலர்ந்து, நான்தான், நேற்றுதான் மாட்டினேன், நேராக இருக்கிறதா என்று கேட்டாள். நீ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெற்றோர் படத்துக்கு விளக்கேற்றுவாயாம். எதற்கு என்று கேட்டால், அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள் என்பாயாம். தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு உங்கள் ஜனங்கள் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டாளாம். நீங்களும் தூரத்திலிருந்து வருகிறீர்களே என்று, உன்னைப்போலவே நூலை முடிந்து கட்டினாளாம். உன் சிவப்பு மை காய்ந்துபோயிருந்ததால் பொட்டைத் தன் உதட்டுச் சாயத்தில் வைத்தாளாம்.

பிறகு கேட்டாள், உன் அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று. இவ்வளவு தூரம் அவரால் வர முடியாது என்று தெரியும், ஆனாலும் ஆசையாக இருந்தது என்றாள். உள்ளே போய், பின்னி முடித்த ஒரு சாம்பல் நிறச் சால்வையை எடுத்துவந்தாள். மாமியாருக்கு.

என் வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. உன் தங்கை என் கையைச் சுரண்டி, என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் உட்காராமல் நிற்பதைப் பார்த்து, குளிரில் விறைத்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, மார்கரெட் தேநீரை ஊற்றிக்கொண்டு எங்களைச் சிரிக்கவைக்க ஒரு கதை சொன்னாள். உன் கதை. அமைதியான மனுஷன், ஆனால் இரண்டு தடவை பைத்தியம் பிடித்தது என்றாள். ஒரு கடுதாசி வந்த வாரத்தில் தலையையும் மீசையையும் மழுங்க வழித்துக்கொண்டு வந்து நின்றாயாம். பள்ளிக்கூடத்தில் நீ கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன்களெல்லாம் சிரித்தார்களாம். கேட்டால், முடிவெட்டுகிறவன் தப்புச் செய்துவிட்டான் என்றாயாம். சில வருஷம் கழித்து ஒரு தந்தி. என்ன என்றால், ஊரில் வீட்டு விஷயம் என்றாயாம். மறுபடியும் அதே மொட்டை. தொப்பிகூடப் போடாமல் கடற்கரையில் போய் நின்றாயாம். அவள் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாளாம்.

இதை நான் உன் தங்கைக்குத் தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். என்னையறியாமல் என் கை என் தலைக்குப் போயிருந்தது.

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒன்றே ஒன்றுதான் கேட்கச் சொன்னாள். ரெண்டாவது மொட்டை எந்த வருஷம்?

மார்கரெட் யோசிக்கவே இல்லை. அந்த வருஷம் இங்கே பனி அதிகம் என்றாள்.

நான் தமிழில் சொல்லத் தொடங்கியதும், உன் கடுதாசியின் அந்த ஒரு வரியை உன் தங்கையே சொல்லி முடித்தாள்.

மார்கரெட்டிடம் சொல்ல வேண்டியவன் நான் ஆனேன். அதற்கு மட்டும் யாரும் வாக்கியம் தயாரிக்க முடியாது. இரண்டு பேரும் இறந்து பல வருஷம் ஆகிறது, மாலை இறந்தவர்களுக்குத்தான் போடுவோம் என்றேன். அவள் உன் அப்பா படத்தைப் பார்த்தாள், அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு பதறி எழுந்து, முதல் வேலையாக எங்கள் படத்து மாலையைக் கழற்றினாள். பொட்டைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள். சாயம் பரவி என் முகமெல்லாம் சிவப்பாகிவிட்டது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை. நான்தான் போதும் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டாள்.

என்னைக் கேட்டால்? பக்கத்தில் படுத்தவளிடம் சொல்லாததை என்னிடமா சொல்லியிருப்பாய்? சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்தாயா? வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றத் தெரிந்தவனுக்கு, எனக்கு இரண்டு வரி கூடுதலாக எழுதத் தெரியவில்லையா? மச்சான், நானும் மொட்டையடித்தேன் என்று எழுதியிருந்தால் போதுமே. இத்தனை வருஷத்துக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

கிளம்பும் நாள் காலையில் அவளே உன் சாம்பலை எடுத்துவந்தாள். கடல் தெரியும் ஜன்னலோரமாக ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். மாமியாருக்குப் பின்னிய சால்வையில் அதைச் சுற்றி, உன் தங்கை மடியில் வைத்தாள். இனி அவர் தூரத்தில் இருப்பார், நான் அவர் படத்துக்கு மாலை போடலாம் அல்லவா என்று என்னிடம் கேட்டாள். போடலாம் என்றேன்.

திரும்பி வந்த கப்பலில், சடங்கை யார் செய்வது என்று உன் தங்கை ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முறுக்கிக்கொண்டிருப்பேன். அதுவும் அவளுக்குத் தெரியும்.

போன வாரம் ஒருநாள் விடிந்ததும் உஜோங் பாசிர் கரையில் குருக்கள் வந்தார். முடிவெட்டுபவரையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “ஐயா மாட்டேன்னு சொன்னீங்களே, என் கடையிலதானே சொன்னீங்க” என்றார். கத்தியைப் பார்த்து வைக்கச் சொன்னேன். உன்னைக் கரைத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உனக்கு அது பிடித்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நாற்காலிக்காரன் கூப்பிட்டு, “என்ன சார், திடீர்னு மொட்டை?” என்று கேட்டான். கோயில் வாசலிலும் இங்கேயும் நான் பேசிய பேச்சு அவனுக்கும் தெரியும். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

“முடிவெட்டுகிறவன் தப்புச் செய்துவிட்டான்” என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யார் சொன்னது என்று உறைத்தது. வகுப்புக்குப் போகாமல் வராந்தாவிலிருந்து திடலில் இறங்கினேன். உச்சந்தலையில் வெயில் சுட்டது.

கோபம் தீரவில்லை, மச்சான். தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் நான் இருக்கும்வரை வருஷம் தவறாமல் உன் திதி நடக்கும். உன் அப்பா படத்துக்கும் அம்மா படத்துக்கும் பக்கத்தில் உன் படம் மாட்டியாயிற்று. மார்கரெட் பாதி பின்னிய நூலை உன் தங்கையிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். மாலை அதில்தான் கட்டியது.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். பெயர் போட மாட்டேன் என்றதும் உன் தங்கை சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்தது இதுதான் முதல்முறை. “போடலைன்னா தெரியாதாக்கும்? காஜா பெராங்ல இருந்து ஸ்காட்லாந்து போனது நாம ரெண்டு பேருதான்” என்றாள். தெரியட்டும். தெரிந்துகொள்வது அவர்கள் பாடு. என் வாயால் நான் ஒப்புக்கொண்டதாக இருக்கக் கூடாது. உறையில் விலாசம் எழுதியாயிற்று, உள்ளே கையெழுத்து இருக்காது. சாயங்காலத் தபாலுக்குள் நானே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.

உன் தங்கையின் புருஷன்