நான்கு விரல் ஆழம்

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. முழுவதும் படி. பாதியில் நிறுத்தினால் தப்பாகத்தான் புரியும்.

நானும் பாப்பாவும் சௌக்கியம். பாப்பா மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். முன்பற்கள் இரண்டும் விழுந்து முளைத்து முயல் மாதிரி இருக்கிறாள். சொன்னால் மூக்கின்மேல் கோபம் வருகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். உன்னையும் வரைந்திருக்கிறாள், ஆனால் தாளின் விளிம்பில், ஒரு கை வெளியே போய்விட்டது. ஏன் சித்தப்பாவை அங்கே தள்ளினாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு மரத்தைப் பெரிதாகப் போட்டதில் இடம் தீர்ந்துவிட்டது என்றாள்.

நான் இப்போது மரம் அறுக்கிற வேலைக்குத்தான் போகிறேன். உனக்குத் தெரிந்த நெட்டையரின் ஆட்களோடு. முதல் ஆறு மாதம் கிளை இழுப்பது, இலை கூட்டுவது, பெட்ரோலில் ஆயில் கலப்பது. பிறகு கீழே நின்று கயிறு பிடித்தேன். இப்போது பெல்ட் மாட்டிக்கொண்டு நானே ஏறுகிறேன். பொம்பளை மரத்தில் ஏறுவதா என்று முதலில் வேடிக்கை பார்த்த தெரு, இப்போது நேரே என்னிடமே வந்து தன் வீட்டுக் கிளையைக் காட்டுகிறது. எடை குறைவாக இருப்பதால் என்னைக் கண்டால் கிளைகள் பயப்படுவதில்லை என்று நெட்டையர் கிண்டல் செய்வார்.

மரம் அறுக்கச் சொந்தமாக ஒரு மெஷின் வேண்டியிருந்தது. நீயும் நானும் உன் அண்ணனும் அன்று போன அதே கடைக்குத்தான் போனேன். வேறு கடைக்குப் போகக் கால் வரவில்லை. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். எடை குறைந்த பெட்ரோல் மெஷின் என்றதும் அவர் கை தானாக மேல்தட்டுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அங்கேதான் அந்த ரகம் இருந்தது. பிடி மேலேயே இருக்கும், மூன்று கிலோகூட இல்லாதது. அது வேண்டாம் என்றேன். பின்பக்கம் பிடி உள்ளதாக, இரண்டு கையும் வைத்தால்தான் தூக்க முடிகிறதாகக் கேட்டேன். நாலு கிலோ சொச்சம், செயின் சுற்றி ஓடுகிற பார் பதினான்கு அங்குலம். கடைவாசலில் வைத்து ஐந்து தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். செயின் பிரேக்கைத் தள்ளி, செயின் நிற்கிறதா என்று பார்த்தேன். அதிர்வு மணிக்கட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாக நின்றார். பின்னாலிருந்த ஒருவர் மட்டும், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறார்களே என்றார். மாப்பிள்ளை பார்க்கையில் இவ்வளவு பார்க்கவில்லை என்றேன். அவர் சிரித்தார்.

உன் அண்ணனின் மெஷினை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். பின்கட்டில், தகரக் கொட்டகைக்குள் வைத்திருக்கிறேன். விற்கவும் மனம் இல்லை, தொடவும் இல்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போது அந்தச் சத்தம் வரும். அறுக்கிற சத்தம் இல்லை. அவர் ஒரு கிளையை முடித்துவிட்டு அடுத்ததற்கு யோசிக்கும்போது மெஷின் சும்மா ஓடுமே, அந்தப் புடுபுடு. குழாயை மூடினால் இன்னும் தெளிவாகக் கேட்கும். இரண்டு முறை போய்ச் சாக்கை அவிழ்த்துத் தொட்டுப் பார்த்தேன். முதல் முறை சில்லென்று இருந்தது. இரண்டாம் முறை சூடாக இருந்தது. தகரத்தில் வெயில் அடித்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மெஷினைக் கடைக்காரரிடம் பிரித்துக் காட்டினேன். பிரேக் சரியாக வேலை செய்கிறது, செயின் புதிது, ஒரு குறையும் இல்லை என்றார். ஏதாவது ஒரு திருகு கழன்றிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தையல்காரம்மா வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் உனக்கு மறந்திருக்காது. அன்று உன் அண்ணன் அறுக்க ஆரம்பித்த கிளை பதினாலு மாதமாக அப்படியே அவர்கள் கூரைக்குமேல் நின்றது. எந்த ஆளும் தொட மாட்டேன் என்றுவிட்டானாம். போன மாதம் அந்தம்மா என்னைத் தேடி வந்தார். வேறு வழி இல்லை, காற்றுக்காலம் வருகிறது, கீழே தங்கச்சி பிள்ளைகள் படுக்கிறார்கள் என்றார். நான் சரி என்றேன். நெட்டையர் ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே கயிறு நான்தான் பிடிப்பேன், வேறு யாரும் கூடாது என்றார்.

காலை எட்டு மணிக்கு ஏறினேன். இரண்டு கயிறு. ஒன்று உச்சிக் கவட்டையில், ஒன்று இடுப்பிலிருந்து தண்டைச் சுற்றி. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து உட்கார்ந்தபோது முதலில் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் குறுக்கே நின்ற சிறு கிளையை எடுத்தால்தான் உள்ளே போக முடியும் என்பதால் அதை அறுத்துவிட்டு மெஷினை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை, தம்பி. ஒரு மூச்சு நேரம் இருக்கும். எனக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கமாக, அந்தப் புடுபுடு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. அக்கம்பக்கத்தில் வேறு மெஷின் ஓடுகிறதா என்று கீழே கேட்டேன். இல்லை என்றார் நெட்டையர். ஆனால் அவர் ஏற்கெனவே ஹெல்மெட்டைக் கழற்றி, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன்.

ரத்தம் எதுவும் இல்லை. மழை கழுவிவிட்டது. உன் அண்ணன் போட்ட வெட்டு இருந்தது. உள்ளே கறுத்து, உதடுகளில் பட்டை உருண்டு மூடத் தொடங்கியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். நான்கு விரல் ஆழம். அவ்வளவுதான். கிளையோ என் இடுப்பு தண்டி, அத்தனை பருமன்.

அவர் குரல் கொடுப்பதற்குமுன் நீ கயிற்றை இழுத்துவிட்டாய், கிளை அசைந்து மெஷினைக் கவ்வியது, அதனால்தான் அது எகிறி அவர்மேல் பாய்ந்தது. இதைத்தானே எல்லாரும் சொன்னார்கள்? நீயும் இதைத்தானே நம்புகிறாய்? நான்கு விரல் வெட்டு விழுந்த இடுப்பு தண்டிக் கிளையை ஒரு ஆள் கீழிருந்து இழுத்து அசைக்க முடியுமா? நீயே தொழில் தெரிந்தவன், நீயே சொல். இருந்தாலும் நான் வாய்ப்பேச்சோடு விடவில்லை. அதே இடத்தில் கயிறு கட்டினேன். வெட்டுக்குள் ஒரு காய்ந்த குச்சியைச் செருகி வைத்தேன். நெட்டையரையும் இன்னொருவரையும் சேர்ந்து பலம்கொண்ட மட்டும் இழுக்கச் சொன்னேன். நுனியில் இலை ஆடியது. குச்சி விழவில்லை. மூன்று தடவை இழுத்தார்கள். மூன்று தடவையும் விழவில்லை.

பிறகு தேடினேன். வெட்டுக்குப் பின்னால், பாரின் முனை போய் முட்டுகிற தூரத்தில், பட்டுப்போன ஒரு கிளையின் அடிக்கட்டை. அதில் நகம் பதிந்த மாதிரி வளைவாக ஒரு கடி. முனை அதில் பட்டிருக்கிறது. பட்டதும் மெஷின் மேல்நோக்கி எகிறியிருக்கிறது. இரண்டு கையும் பிடித்திருந்தால் அடக்கியிருக்கலாம்.

இறங்கி வந்ததும் தையல்காரம்மா என்னை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டார். மரத்தைப் பார்த்த ஜன்னல் பக்கம்தான் அவர் தையல் மெஷின் போட்டுத் தைப்பது. இப்போது மெஷினை எதிர்ச் சுவருக்கு மாற்றியிருக்கிறார். ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. அன்று அவர் பார்த்திருக்கிறார், தம்பி. உன் அண்ணன் இடது கையால் மேல்கிளையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற மாதிரி நின்று, வலது கையால் மட்டும் அறுத்துக்கொண்டிருந்தாராம். யாரும் அந்தம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாரா என்றும் அவருக்கே தெரியவில்லை. அழுதுகொண்டே சொன்னார்.

"நான்தாம்மா ஜன்னலைத் திறந்து, குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பதான் ஆச்சு. அந்தத் தம்பி பேர்ல பழி விழுந்தப்போ நான் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவரை என்ன சொல்லி நிறுத்துவது? தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது பாவமா? அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அழுது முடித்ததும் என் முறை வந்தது. அவரிடம் சொன்னதையே உன்னிடமும் எழுதுகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தது நான். உனக்கு நினைவிருக்கும். பழைய மெஷின் ஏழு கிலோ, அவருக்குத் தோள் போய்விட்டது. கடையில் அவர் பின்பிடி வைத்ததைத்தான் கையில் எடுத்தார். மேல்பிடி ரகம் கை பழகியவர்களுக்கே ஆபத்து, லேசாக இருக்கிறதே என்று ஒரு கையில் பிடிக்கத் தோன்றும், தோன்றக் கூடாது என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நீயும் தலையாட்டினாய். நான் அதை ஒற்றைக் கையில் குடம் மாதிரி தூக்கிக் காட்டினேன்.

"இதப் பாருங்க, ஒரு கையே போதும். தோள் வலிக்குதுன்னு முனகறதாவது நிக்கும்."

அவர் சிரித்தார். அதை வாங்கினோம்.

சாவு வீட்டில் உங்கள் பெரிய மாமா எழுந்து நின்று, கயிறு பிடிக்கத் தெரியாதவனை நம்பி ஏறினான் என்று கூட்டத்தில் சொன்னபோது, நீ என்னைப் பார்த்தாய். வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அப்போது வெட்டின் ஆழம் தெரியாது, கட்டை தெரியாது, ஜன்னல் தெரியாது. ஆனால் கடையில் நான் சொன்னது தெரியும். எல்லாரும் உன்னைப் பேசிக்கொண்டிருக்கும்வரை யாரும் மெஷினைப் பேச மாட்டார்கள் என்பது தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். நான் தடுக்கவில்லை.

நீ செய்தது என்ன என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? அடிபட்டு பெல்ட்டில் தொங்கியவரை, கையுறைகூட இல்லாமல், கயிற்றை உள்ளங்கையில் ஓடவிட்டுப் பூப்போல இறக்கினாய். கயிற்றில் உன் தோல் ஒட்டியிருந்தது, நான் பார்த்தேன். அவர் தரையில் படுத்து, உன் மடியில் தலை வைத்துப் போனார். அந்தரத்தில் போகவில்லை. அது உன்னால்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வீட்டுக்குப் போய், நெட்டையரையும் தையல்காரம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் பாக்கியில்லாமல் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருந்தேன். என் பங்கையும் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். மாமா உன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மெஷினை இரண்டு கையாலும் பிடித்து அந்தக் கிளையை ஏழு துண்டாக அறுத்து இறக்கினேன். சத்தம் நின்றுவிட்டதா என்று நீ கேட்கலாம். இல்லை. இன்னும் வருகிறது. நான் இப்போது குழாயை மூடுவதில்லை, அவ்வளவுதான்.

நம் கிளைகளை ஏற்றிப் போகும் தாடிக்கார லாரி டிரைவர் நேற்று வந்தார். உன் முகவரியை அவர்தான் கொடுத்தார். நீ அங்கே கிடங்குகளின் கூரைத் தகடு மாற்றும் வேலையில் இருக்கிறாயாம். மற்றவர்கள் எல்லாரும் இடுப்பில் பெல்ட் கட்டி, கொக்கி மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள், நீ மட்டும் வெறுமனே விளிம்பில் நடக்கிறாய் என்றார். ஏன் என்று கேட்டதற்கு நீ சிரித்தாயாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் இன்றே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வா என்று கூப்பிட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அது நியாயம்தான். பதில்கூட வேண்டாம். இது உன் கைக்கு என்று வந்து சேரும் என்று தெரியவில்லை. சேர்ந்த மறுநாள் காலையில் ஏணியில் கால் வைப்பதற்குமுன் அந்தக் கொக்கியை மாட்டிக்கொள். அண்ணனுக்காக வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். சும்மா, எல்லாரும் மாட்டுகிறார்கள் என்று மாட்டிக்கொள். அதற்கு அடுத்த நாளும் மாட்டிக்கொள்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், தம்பி.

என்றும் உன்
அண்ணி